கார் ஏசி குளிரவில்லையா? கேஸ் ஏற்றும் முன் பார்க்க வேண்டியவை

கார் ஏசியில் உள்ள கேஸ் ஓடஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே கேஸ்தான் சுற்றிவருகிறது. ரப்பர் ஹோஸ் வழியாகப் பல ஆண்டுகளில் கொஞ்சம் கசியலாம். ஆனால் போன கோடையில் ஏற்றியது இந்தக் கத்திரிக்குள் காலியானால், எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் மறுபடி ஏற்றுவது வீண் செலவு.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் முதலில் சந்தேகிக்க வேண்டியது கண்டென்சரைத்தான். கம்ப்ரஸர் அழுத்திச் சூடாக்கிய கேஸ் இங்கேதான் வெப்பத்தை வெளியே விட்டுத் திரவமாகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால் தேவனாம்பட்டினத்து உப்புக்காற்றும் ஈசிஆர் மணலும் நேராக இதன் மேல்தான் படும். உப்பு அரித்த அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூக்கும். அதில் ஓரிடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி அப்பியிருந்தால் கசிவு பெரும்பாலும் அங்கேதான். கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் வெளியேறுவதால் வரும் தடம் அது. கடலோரம் நிறுத்தும் வண்டியில் கண்டென்சரை அடிக்கடி நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். பிரஷர் வாட்டரைக் கிட்டே பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்றை அடைத்துவிடும்.

எப்போது குளிரவில்லை என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். புதுச்சேரி இந்திரா காந்தி சதுக்கம் சிக்னலில் நிற்கும்போது சூடு, ஓடும்போது குளிர் என்றால் கண்டென்சர் ஃபேனைப் பாருங்கள். ஏசியைப் போட்டு பானெட்டைத் திறந்தால் ஓரிரு நிமிடங்களில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பார்க்கலாம்.

நன்றாகக் குளிர்ந்து, அரை மணி நேரத்தில் காற்றே குறைந்துபோகிறதா? டேஷ்போர்டுக்குள் கூலிங் காயிலில் ஐஸ் கட்டுகிறது. ஏசியை நிறுத்தி புளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓட விடுங்கள். காற்று திரும்பினால் அதுதான். அடைத்த கேபின் ஃபில்டர், பழுதான காயில் சென்சார், குறைந்த கேஸ் ஆகியவை வழக்கமான காரணங்கள். புளோயர் கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் அதன் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் போயிருக்கும், சில்லறை வேலை.

ஆட்டோமேட்டிக் ஏசியில் ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் சூடு என்று வந்து, டேஷ்போர்டுக்குள் டிக் டிக் சத்தமும் கேட்டால், காற்றைத் திருப்பும் மடலின் சிறு மோட்டாரில் பல் தேய்ந்திருக்கலாம். இதற்குக் கேஸ் ஏற்றிப் பயனில்லை.

இங்குள்ள ஈரக்காற்றில் ஏசியின் உழைப்பில் கணிசமான பங்கு நீராவியைத் தண்ணீராக்கவே போய்விடுகிறது. அதனால் காருக்கு அடியில் நீர் சொட்டுவது நல்ல அறிகுறி. சொட்டாமல் இடதுபக்க மிதியடி நனைந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது.

கேஸின் அழுத்தத்தை அளக்கும் கேஜைப் போட்டுப் பார்க்கும்போது ஒரு விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். ஆர்-134ஏ கேஸ் உள்ள வண்டியில், இன்ஜின் நின்று ஆறிய பின் 30 டிகிரி வெயிலில் குறைந்த அழுத்தப் பக்கம், உயர் அழுத்தப் பக்கம் இரண்டும் 95 பிஎஸ்ஐயை (அழுத்த அளவு) ஒட்டிக் காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலும் இதே அளவுதான் வரும். கேஸ் நிறைந்திருக்கிறது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இன்ஜினை 1,500 ஆர்பிஎம்மில் ஓடவிட்டுப் பார்த்தால், 35 டிகிரியில் குறைந்த அழுத்தப் பக்கம் ஏறக்குறைய 30–45, உயர் அழுத்தப் பக்கம் 200–250 பிஎஸ்ஐ இருக்கும். இரண்டும் குறைவு என்றால் கேஸ் பற்றாக்குறை. இரண்டும் அதிகம் என்றால் கண்டென்சரில் வெப்பம் இறங்கவில்லை, அல்லது கேஸ் கூடிவிட்டது. குறைந்த பக்கம் ஏறி, உயர்ந்த பக்கம் இறங்கியிருந்தால் கம்ப்ரஸர் தளர்ந்திருக்கிறது.

கசிவைச் சரிசெய்த பின் இணைப்புகளில் உள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்), ஈரத்தை உறிஞ்சும் டிரையர் இரண்டையும் மாற்றி, குறைந்தது அரை மணி நேரம் பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க (வேக்குவம்) வேண்டும். பம்பை நிறுத்திப் பதினைந்து நிமிடம் கேஜ் முள் அசையாமல் நின்றால்தான் கேஸ் ஏற்றலாம். உள்ளே ஈரம் தங்கினால், திரவத்தைக் கூலிங் காயிலுக்குள் விடும் எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறைந்து வழியடைக்கும். பானெட் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் கிராம் அளவைத் தராசில் நிறுத்தே ஏற்றச் சொல்லுங்கள். சிறிய கார்களில் பெரும்பாலும் 350 முதல் 500 கிராம்.

கடைசியில் நடு வென்டில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். உள்காற்றுச் சுழற்சியில் 10 டிகிரியை ஒட்டி நின்றால் இந்த ஊர் ஈரத்துக்கு அது போதும். இன்னும் குளிரட்டும் என்று மேலே 50 கிராம் ஏற்றினால், உயர் அழுத்தம் எகிறிக் குளிர் குறையத்தான் செய்யும்.