மகளிர் தினக் கண்காட்சி நடத்தப் போகிறீர்களா?

பிப்ரவரி பாதியிலேயே போன் வர ஆரம்பித்துவிடும். "மார்ச் எட்டுக்கு ஒரு லேடீஸ் ஷோ போடலாம்னு இருக்கோம். இருபது ஆர்ட்டிஸ்ட் பேர் தர முடியுமா?" கண்காட்சி அமைப்பதையே தொழிலாக வைத்திருக்கும் எங்களுக்கு இது சீசன். பேர் தருவதில் சிரமமில்லை. ஆனால் இருபது பெண்களின் படங்களை ஒரே ஹாலில் மாட்டிவிட்டால் அது பெண்ணியக் கண்காட்சி ஆகிவிடாது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். பாதிப் பேர் அங்கேயே போனை வைத்துவிடுவார்கள்.

தலை எண்ணுவது வீண் வேலை என்றும் நினைக்கவேண்டாம். 1984-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய பெரிய சர்வதேசக் கண்காட்சியில் 160-க்கும் மேற்பட்ட கலைஞர்கள்; பெண்கள் 13 பேர். அந்த ஆத்திரத்தில்தான் 1985-ல் கொரில்லா முகமூடி மாட்டிக்கொண்டு சுவரொட்டி ஒட்டக் கிளம்பிய ‘கொரில்லா கேர்ள்ஸ்’ குழு உருவானது. பெரிய மியூசியங்களும் காசும் இருந்து, பெண்களுக்குக் கதவு மட்டும் சாத்தியிருந்த ஊரில் அந்தக் கணக்கு நன்றாகவே எடுபட்டது.

இங்கே கதை வேறு. 1979-ல் இந்திய ஓவியர் நளினி மலானி நியூயார்க்கில் ஏ.ஐ.ஆர். கேலரியைப் பார்க்கிறார். 1972-ல் பெண் கலைஞர்கள் கூட்டுறவாகத் தாங்களே தொடங்கிய இடம் அது. இந்தியாவிலும் பெண் கலைஞர்களைத் திரட்டிப் பெரிதாக ஒன்று செய்ய நினைத்தார், ஆதரவு கிடைக்கவில்லை. கடைசியில் அவரும் அர்பிதா சிங், நீலிமா ஷேக், மாதவி பாரேக் மூவருமாக, நாலே பேர் கிளம்பினார்கள். 1987-ல் போபாலின் பாரத் பவன் கலை மையத்தில் தொடங்கி, 1989 வரை ஊர் ஊராகப் போனது அந்தக் கண்காட்சி. கொண்டுபோனவை தாளில் தீட்டிய நீர்வண்ண ஓவியங்கள். பேக்கிங், லாரி வாடகை என்றே யோசித்துப் பழகிய என் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். தாளில் தீட்டியதை ஒரு பெட்டியில் அடுக்கி எடுத்துப் போகலாம். வரையத் தனி ஸ்டுடியோ இல்லாவிட்டாலும் சாப்பாட்டு மேஜை போதும். எண்ணெய் வண்ணத்தில் ஆளுயரக் கேன்வாஸ்தான் ‘பெரிய’ கலை என்று பேசிக்கொண்டிருந்த காலம் அது.

மெக்ஸிகோவுக்குப் போனால் பெட்டிகூடத் தேவைப்படவில்லை. 1978-ல் மெக்ஸிகோ நகரின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் கலைஞர் மோனிகா மேயர் வைத்தது துணி காயப்போடும் கொடி ஒன்று. ‘பெண்ணாக இந்த நகரத்தில் எனக்கு மிகவும் பிடிக்காதது...’ என்று தொடங்கும் இளஞ்சிவப்புச் சீட்டுகளைப் பல வயது, பல தொழில் பெண்களிடம் கொடுத்து நிரப்பச் சொன்னார். வந்த சீட்டுகளைக் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டார். திரும்பத் திரும்ப எழுதப்பட்டிருந்தது தெருவிலும் பஸ்ஸிலும் நடக்கும் சீண்டல்.

இந்தக் கொடி அதற்குப் பிறகு பல நாடுகளில் கட்டப்பட்டிருக்கிறது. போகிற ஊரில் மேயர் முதலில் உள்ளூர்ப் பெண்களோடு உட்கார்ந்து பேசுவார். அந்தப் பேச்சிலிருந்துதான் அங்கே கேட்கவேண்டிய கேள்வி வரும். நம் மால்களில் மார்ச் மாதம் முளைக்கும் ‘பெண்மையைப் போற்றுவோம்’ வாழ்த்து மரத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான். மரத்தில் சீட்டு கட்டச் சொல்கிறவர்கள் பதிலையும் முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறார்கள்.

சில படைப்புகளில், பக்கத்துச் சுவரில் விளக்கம் எழுதி ஒட்டும் லேபிள்தான் உயிர். 1979 மே 10, யூகோஸ்லாவிய அதிபர் டிட்டோ ஜாக்ரெப் நகரத்துக்குள் காரில் வருகிறார். கலைஞர் சான்யா இவெகோவிச் தன் வீட்டு பால்கனியில் விஸ்கியும் புத்தகமுமாக உட்கார்ந்து, சுயஇன்பம் கொள்வதுபோல் பாவனை செய்கிறார். எதிர்க் கட்டிடத்தின் உச்சியில் நிற்கும் காவலர் பார்ப்பார் என்பது அவருடைய கணக்கு. 18 நிமிடத்தில் வாசல் மணி அடிக்கிறது. பால்கனியில் ஆளோ பொருளோ இருக்கக்கூடாது என்று போலீஸ் உத்தரவு. மிஞ்சியது நாலு போட்டோ, கொஞ்சம் எழுத்து. அந்த எழுத்தைத் தூக்கிவிட்டு போட்டோக்களை மட்டும் மாட்டினால், பால்கனியில் ஒரு பெண் ஓய்வெடுக்கிறாள், அவ்வளவுதான். சட்டப்படி சமத்துவம் வந்தாகிவிட்டது என்று அரசே சொல்லிக்கொண்டிருந்த நாட்டில் இது ஏன் தேவைப்பட்டது என்பதைச் சுவரில் எழுதித்தான் ஆகவேண்டும். லேபிளுக்கு இடமில்லை, பார்வைக்கு இடைஞ்சல் என்று சொல்லும் அமைப்பாளர்களிடம் இந்த விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கண்காட்சிதான் வேண்டும் என்றுகூட இல்லை. பாங்காக்கில் 1997-ல் பெண் கலைஞர்களின் கண்காட்சியாகத் தொடங்கிய வுமனிஃபெஸ்டோ, 2001-ல் வடகிழக்குத் தாய்லாந்தின் ஒரு பண்ணையில் பயிலரங்காக மாறியது. ஒன்றாகத் தங்கி, ஊர்க்காரர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். ஓப்பனிங் இல்லை, ரிப்பன் இல்லை. நம் ஊர் ஸ்பான்சரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்!

சரி, லிஸ்ட் கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்பவை: ஃபிரேம் செலவு யாருடையது? படம் போய்வரும்போது கிழிந்தால் யார் பொறுப்பு? கலைஞருக்குக் கட்டணம் உண்டா, இல்லை சான்றிதழும் பொன்னாடையும்தானா? ஓப்பனிங் ராத்திரி எட்டு மணிக்கு என்றால் கைக்குழந்தையோடு வருகிறவர் வீட்டுக்கு எப்படித் திரும்புவார்? ஒரு பெண் நிர்வாண உருவம் வரைந்திருந்தால் மாட்டுவீர்களா, இல்லை ‘ஃபேமிலி ஆடியன்ஸ்’ என்று ஓரமாக எடுத்து வைப்பீர்களா? இதற்கெல்லாம் பதில் வந்த பிறகுதான் பேர் தருகிறேன். இருபது கேட்டவர்களுக்கு ஐந்துதான் தருகிறேன். அந்த பட்ஜெட்டில் ஐந்து பேருக்குத்தான் ஒழுங்காகக் காசு கொடுக்க முடியும்.