குரோஷா: ஒரு கொக்கி, பல கண்ணிகள்

குரோஷா, குரோஷே, குரோசே, குரோஷியா. நூலும் ஒரே ஒரு ஊசியும் கொண்டு மேசை விரிப்பும் குழந்தைத் தொப்பியும் பின்னுகிற கைவேலைக்கு நம் வீடுகளில் இத்தனை பெயர். கடைசிப் பெயரைத் தேடுபொறியில் இட்டால் ஒரு கால்பந்து அணிதான் முதலில் வந்து நிற்கும். இந்திக்காரர்கள் இந்த வேலையைக் ‘குரோஷியா’ என்பார்கள். அந்த வழியாக நம்மிடம் வந்த வடிவமாக அது இருக்கலாம்.

மூலச்சொல் பிரெஞ்சு. ‘குரோ’ என்றால் கொக்கி, ‘குரோஷே’ என்றால் சின்னக் கொக்கி. அதாவது ஊசியின் பெயரே வேலைக்கும் ஆகிவிட்டது. இன்னும் பின்னால் போனால் பழைய நார்ஸ் மொழியின் ‘குரோக்ர்’ வரும். வளைந்த முனை உள்ளது என்று பொருள். ஆங்கிலத்தில் ஆட்டிடையன் கையிலுள்ள ‘குரூக்’ என்ற வளைகோலும் அந்தக் குடும்பம்தான். நம் ஊர்த் தொரட்டிக்கு அது தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்குப் பிடித்த செய்தி வேறு. பிரெஞ்சுக்காரர்கள் சதுர அடைப்புக்குறியையும் ‘குரோஷே’ என்றுதான் சொல்கிறார்கள், கொக்கிபோல் இருப்பதால். நாம் அதே குறியைப் பார்த்து ‘ப’ என்ற எழுத்தைக் கண்டோம், பகர அடைப்பு என்று பெயரிட்டோம். எதை எத்தனை பின்னுவது என்று சொல்லும் குரோஷா குறிப்பைப் படிக்கக் கற்பவர் முதலில் திணறுவது இந்தப் பகர அடைப்பில்தான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தமிழில் என்ன சொல்வது? ‘பின்னல் வேலை’ போதாது. இரண்டு ஊசி வைத்து ஸ்வெட்டர் பின்னுவதும் பின்னல் வேலைதானே. அதில் ஒரு வரிசைக் கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், முழுவதும் ஊசியில் உயிரோடு இருக்கும், ஊசி நழுவினால் அத்தனையும் போச்சு. குரோஷாவில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் நிற்கும். வேறுபாடு கொக்கியில் இருக்கிறது, பெயரும் அங்கிருந்தே வரட்டும்: கொக்கிப் பின்னல். கொக்கி இரவல் சொல்லும் அல்ல. கன்னடத்தில் கொக்கெ, தெலுங்கில் கொக்கெமு என்று அக்கம்பக்கத்தில் எல்லாம் இருக்கிறது.

அந்தக் கொக்கி ஊசியும் நமக்குப் புதிதில்லை. ரவிக்கைக்கு ஆரி வேலை செய்பவரைக் கவனித்திருப்பீர்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியில் முனை வளைந்த ஊசியைக் குத்தி, அடியிலிருந்து நூலை மேலே இழுத்து, முந்தைய வளையத்துக்குள் அடுத்ததைக் கோப்பார். குஜராத்தின் கச்சுப் பகுதியில் செருப்புத் தைக்கும் சமூகத்தார் தோலில் செய்துவந்த வேலை அது. கிழக்கிலிருந்து இம்முறை 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா சேர்ந்து ‘தம்பூர்’ எனப் பெயர் பெற்றது. பிறகு யாரோ அடித்துணியை விட்டுவிட்டு வெறும் வளையங்களையே கோத்துக்கொண்டு போனார்கள், அதுவே குரோஷே என்று கைவேலை வரலாறு எழுதுகிறவர்கள் பலர் சொல்கிறார்கள். 2016 ஜனவரியில் சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழு 11,148.5 சதுர மீட்டர் போர்வையைக் காட்டி கின்னஸ் சாதனை செய்தது. அத்தனை பெரிய போர்வை விரிந்த ஊரில் அதற்கு ஊறிய தமிழ்ப் பெயர் இல்லை என்பதுதான் எனக்கு உறுத்தல்.

இனி ‘ஸ்டிச்’. இதைத் ‘தையல்’ என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. ஆரியில் துணி இருக்கிறது, தைக்கிறோம், அங்கே சங்கிலித் தையல் சரி. கொக்கிப் பின்னலில் எதையும் எதோடும் தைக்கவில்லை. வலையில் இருப்பது கண்ணி, பறவைக்கு வைப்பது கண்ணி, சங்க காலத்தில் தலையில் சூடிய பூமாலையும் கண்ணி. இங்கே நாம் போடுவதும் கண்ணிதான். பிரெஞ்சின் ‘மாய்’, ஜெர்மனின் ‘மாஷெ’ இரண்டுக்கும் வலைக்கண்ணி என்ற பொருள் உண்டு. அவர்கள் குரோஷாவில் எண்ணுவதும் அவற்றையே.

சொல்லுக்காக ஏன் இவ்வளவு சண்டை என்றால், எதை எண்ணுவது என்று தெரியாமல்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். நானும் அப்படித்தான். 20இல் தொடங்கிய என் முதல் கைப்பிடித் துணி மேலே போகப்போக 14 ஆகி, சரிவகமாக முடிந்தது. வரிசையின் கடைசிக் கண்ணி ஓரத்தில் ஒளிந்துகொள்ளும், அதைத் தவறவிட்டிருக்கிறேன். முதல் கண்ணியிலும் கடைசிக் கண்ணியிலும் வேறு நிற நூல் துண்டைச் செருகி வைத்தபோதுதான் அந்தத் தவறு நின்றது. மேலிருந்து பார்த்தால் ஒவ்வொரு கண்ணியும் கவிழாத கூம்புபோல, ஆங்கில ‘வி’ எழுத்தாகத் தெரியும். அவற்றை எண்ண வேண்டும். ஊசியில் நிற்பதை எண்ணக் கூடாது.

குறிப்பில் ‘சிஎச் 11’ என்றால் 11 சங்கிலிக் கண்ணி. கொக்கியிலிருந்து இரண்டாவதில் தொடங்கி ஒவ்வொன்றிலும் ஒரு ‘எஸ்சி’, அதாவது ‘சிங்கிள் குரோஷே’ என்ற குட்டையான கண்ணி, போட்டால் 10 வரும். விட்டுப்போன ஒன்று தொலையவில்லை, வரிசையின் உயரத்துக்காகக் கொடுத்தது அது.

அந்த ‘எஸ்சி’ எனும் சிங்கிள் அமெரிக்கப் பெயர். அதையே பிரிட்டனில் டபுள் என்பார்கள், அமெரிக்க டபுளை ட்ரெபிள் என்பார்கள். ஊர் தெரியாமல் பின்னினால் தொப்பி பாட்டிக்கும் பேத்திக்கும் பொருந்தாது. குறிப்பில் எங்காவது ‘சிங்கிள்’ வந்தால் அமெரிக்கக் குறிப்பு என்று கொள்ளலாம். ஜெர்மானியருக்கு இந்தக் குழப்பமே கிடையாது. முதலாவது அவர்களுக்கு ‘இறுகிய கண்ணி’, அடுத்தது ‘சிறுகோல்’. பார்த்ததை வைத்துப் பெயர். நாமும் இறுக்கக் கண்ணி, கோற்கண்ணி என்று வைத்துக்கொண்டால் அட்லாண்டிக்கின் எந்தக் கரைக் குறிப்பானாலும் மாற்றி எழுதிவிடலாம். நான் அப்படித்தான் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைக்கிறேன்.

இப்போது பகர அடைப்பு. வட்டம் பின்னும்போது முதல் சுற்றில் 6 கண்ணி. இரண்டாவதில் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டிரண்டு, ஆக 12. மூன்றாம் சுற்றுக்குக் குறிப்பு இப்படி இருக்கும்: [1 இறுக்கக் கண்ணி, 1 பெருக்கம்] × 6. பெருக்கம் என்பது ஒரே கண்ணிக்குள் இரண்டு போடுவது. அடைப்புக்குள் இருப்பதை ஒரே மூச்சாக ஒருமுறை செய்து, முதலிலிருந்து மறுபடி, மொத்தம் ஆறு முறை. ஒவ்வொரு முறையும் கீழே 2 கண்ணியைத் தின்று மேலே 3 தரும், ஆக 18. சில குறிப்புகளில் அடைப்புக்குப் பதில் உடுக்குறி (*) இருக்கும், வேலை அதேதான்.

சுற்றுக்கு ஆறாகக் கூடிக்கொண்டே போனால் வட்டம் தட்டையாகக் கிடக்கும். ஓரம் அலையலையாக நெளிந்தால் கண்ணி கூடிவிட்டது. கிண்ணம்போலக் குழிந்தால் பெருக்கம் எங்கோ விட்டுப்போயிற்று. தொப்பி பின்னுகிறவர்கள் மட்டும் தலையளவு வந்ததும் பெருக்கத்தை வேண்டுமென்றே நிறுத்திவிட்டு, அந்தக் குழிவுக்காகக் காத்திருப்பார்கள்.