கொடி விழும்வரை காத்திருக்க வேண்டாம்

"நஞ்சுக்கொடி விழாமல் கன்றை மடியில் விடாதே" என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் பல ஊர்களில் இருக்கிறார்கள். மாட்டின் மேல் உள்ள அக்கறையில் சொல்வதுதான். ஆனால் கொடி விழப் பாதி நாள்கூட ஆகலாம். கன்றின் குடலுக்கு அவ்வளவு அவகாசம் கிடையாது.

மனிதக் குழந்தை தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்களில் ஒரு பகுதியைக் கருப்பையிலேயே வாங்கிக்கொண்டு பிறக்கிறது. மாட்டில் அப்படி இல்லை. அதன் நஞ்சுக்கொடியில் தாயின் ரத்தத்துக்கும் கன்றின் ரத்தத்துக்கும் நடுவே திசு அடுக்குகள் அதிகம். இம்யூனோகுளோபுலின் எனப்படும் அந்தப் பெரிய எதிர்ப்புப் புரதங்கள் இந்த அடுக்குகளைத் தாண்டுவதில்லை. அதனால் கன்று கிட்டத்தட்ட வெறுங்கையோடு பிறக்கிறது. அதற்கு வேண்டியதையெல்லாம் தாய் சீம்பாலில் சேர்த்து வைத்திருக்கிறது. சாதாரணப் பாலில் 100 கிராமுக்கு 3 கிராம் சொச்சம்தான் புரதம். முதல் கறவைச் சீம்பாலில் அது 14 கிராம் அளவுக்கு இருக்கும். சீம்பாலைக் காய்ச்சினால் கெட்டியாகிவிடுகிறதே, அதற்கும் இதுதான் காரணம்.

சரி, குடித்த புரதம் செரித்துப் போய்விடாதா? வளர்ந்த மாட்டின் குடல் என்றால் துண்டு துண்டாக வெட்டித்தான் உள்ளே எடுத்துக்கொள்ளும். பிறந்த கன்றின் சிறுகுடல் வேறு மாதிரி. அதன் சுவரில் உள்ள செல்கள் முழுப் புரதத்தை அப்படியே விழுங்கி, மறுபக்கம் நிணநீரில் சேர்த்துவிடும். அங்கிருந்து அது ரத்தத்துக்குப் போகும். அந்த நேரத்தில் வயிற்றில் அமிலச் சுரப்பும் குறைவு. புரதத்தை வெட்டும் நொதியைத் தடுக்கிற பொருள் ஒன்று சீம்பாலிலேயே கலந்திருக்கிறது. எவ்வளவு பொருத்தமான ஏற்பாடு!

இந்த வழி ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வேகமாகக் குறுகி, ஒரு நாளில் ஏறக்குறைய மூடிவிடும். திறந்திருக்கும்வரை கிருமியும் அதே வழியில் நுழையலாம். மடியைக் கழுவாமல் ஊட்டினாலோ, பசித்த கன்று சாணம் பட்ட தரையை நக்கினாலோ, சீம்பாலுக்கு முன்னால் கிருமி போய்ச் சேர்ந்துவிடும். 1922-இல் அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித், ரால்ஃப் லிட்டில் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் சில கன்றுகளுக்குச் சீம்பால் கொடுக்காமல் வளர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை இறந்துபோயின.

ஆகவே கன்று பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் முதல் சீம்பால் உள்ளே போயிருக்க வேண்டும். எடையில் பத்தில் ஒரு பங்கு கணக்கு: 30 கிலோ கன்றுக்கு 3 லிட்டர். எழுந்து நின்று குடிக்கத் தெம்பில்லாத கன்றுக்குக் கறந்து, புட்டியில் ஊட்டலாம். இதனால் கொடி விழுவது தடைபடாது. கன்று மடியை முட்டிக் குடிக்கும்போது தாயின் உடலில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. கருப்பையைச் சுருங்க வைப்பதும் அதே ஆக்ஸிடோசின்தான்.

அடுத்த இரண்டு மூன்று நாள் சீம்பாலையும் கன்றுக்கே விட வேண்டும். அந்தப் புரதங்கள் ரத்தத்துக்குப் போகாவிட்டாலும், குடலுக்குள்ளேயே தங்கிக் கழிச்சலை உண்டாக்கும் கிருமிகளைப் பிடித்து, குடல் சுவரில் ஒட்டவிடாமல் செய்யும். அப்புறம் மிஞ்சியதைக் காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கலாம்.