ஓடத் தொடங்கிய கால்களுக்குள் நடப்பவை

புதிதாக ஓடத் தொடங்குபவர்களிடம் கால்களைப் பற்றி எதிரெதிரான இரண்டு எண்ணங்கள் காணப்படுகின்றன. தொடர்ந்து ஓடினால் கெண்டைக்கால் பருத்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். தொடை மெலிந்து இறுகிவிடும் என்று வேறு சிலர் எதிர்பார்க்கிறார்கள். இரு சாராரும் காலின் சுற்றளவைத்தான் கவனிக்கிறார்கள். ஆனால் வாரத்தில் மூன்று நான்கு நாள்கள், மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில் ஓடும் ஒருவரின் கால்களில் முதல் சில மாதங்களில் நிகழும் பெரிய மாற்றங்கள் அளவுநாடாவில் அகப்படுவதில்லை. அவை தசை நார்களுக்குள்ளும் அவற்றைச் சுற்றியுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களிலும் நிகழ்கின்றன. தம் உடலைப் பற்றி ஓடுபவர் மனத்தில் வைத்திருக்கும் பிம்பமோ இந்தத் தசை மாற்றங்கள் நிறைவேறும்வரை காத்திராமல் தனி வழியில் மாறத் தொடங்கிவிடுகிறது. இந்த இரண்டு மாற்றங்களும் வெவ்வேறு வேகத்தில் நடப்பதை அறிந்திருந்தால், பாதியில் ஓட்டத்தைக் கைவிடுகிறவர்களில் பலர் கைவிட மாட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

ஓடும்போது ஒவ்வொரு முறை பாதம் தரையில் ஊன்றும்போதும் உடல் எடையைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலின்மீது விழுகிறது. அந்த நொடியில் முழங்கால் மடிந்து சரிந்துவிடாமல் முன்தொடைத் தசை இழுத்துப் பிடிக்கிறது. சுருங்க முயன்றுகொண்டிருக்கும்போதே அது நீட்டப்படுகிறது. உடலை முன்னோக்கி உந்தும் பொறுப்பில் பெரும்பகுதி கெண்டைக்காலைச் சேர்ந்தது. அங்கே மேலாகத் திரண்டு தெரியும் தசைக்கு அடியில், வெளியில் அவ்வளவாகப் புலப்படாத, தட்டையான சோலியஸ் என்ற தசை இருக்கிறது. ஓட்டத்தின் சுமையை மிகுதியாக ஏற்கும் தசைகளுள் இது முதன்மையானது. இதன் நார்களில் பெரும்பங்கு மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் களைப்படையாமல் உழைக்கும் வகை. மேலே உள்ள தசையில் இந்த மெது நார்களும், விரைவாகச் சுருங்கி விரைவாகவே களைத்துப்போகும் வேக நார்களும் கலந்திருக்கின்றன. இரண்டின் விகிதம் ஆளுக்கு ஆள் வேறுபடும். அதில் பிறப்பிலேயே அமைந்த பங்கு கணிசமானது. 1976இல் அமெரிக்க உடலியலாளர் டேவிட் காஸ்டில்லும் அவருடைய குழுவினரும் முதல்தர நெடுந்தொலைவு ஓட்டக்காரர்களின் கெண்டைத் தசையிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து ஆராய்ந்தபோது, நார்களில் ஏறத்தாழ 79 விழுக்காடு மெது நார்களாக இருந்தன. பயிற்சி இல்லாதவர்களிடம் அது 58 விழுக்காட்டை ஒட்டியிருந்தது.

ஓடத் தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் ஓட்டம் சற்று எளிதாகிவிட்டதாகப் பலரும் உணர்கிறார்கள். அந்த உணர்வு உண்மையானதுதான், ஆனால் அதற்குத் தசை வளர்ச்சி காரணமில்லை. இரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவின் அளவு சில நாள்களிலேயே கூடிவிடுவதால், இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை வெளியேற்றுகிறது. நரம்பு மண்டலமும் எந்தத் தசையை எப்போது, எவ்வளவு இயக்க வேண்டும் என்பதைச் செம்மைப்படுத்திக்கொள்கிறது.

தசையின் உள்ளே நிகழும் மாற்றங்களில் தலையாயதை 1967இல் ஆய்வாளர் ஜான் ஹாலோசி வெளிக்கொணர்ந்தார். பல வாரங்கள் ட்ரெட்மில்லில் ஓடப் பழக்கப்பட்ட எலிகளின் கால் தசையில், செல்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியாக்கள் ஆக்சிஜனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் திறன் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தது. அந்தத் தசைகளின் எடையில் அதற்கு ஈடான பெருக்கம் ஏதுமில்லை. அளவு மாறாமலேயே, ஆற்றல் உண்டாக்கும் அமைப்பு மட்டும் உள்ளுக்குள் விரிவடைந்திருந்தது. பின்னர் மனிதர்களிடமும் இதே போக்கு கண்டறியப்பட்டது.

இது எப்படி நடக்கிறது? தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் நார்களுக்குள் கால்சியம் வெளிப்படுகிறது. தொடர்ந்து உழைக்கும்போது ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. செலவாகி, அதன் சிதைவுப் பொருள்கள் பெருகுகின்றன. ஏ.எம்.பி.கே. என்னும் நொதி இந்தப் பற்றாக்குறையை உணர்ந்து விழித்துக்கொள்கிறது. கால்சியமும் இந்த நொதியும் விடுக்கும் சமிக்ஞைகள் பி.ஜி.சி-1 ஆல்ஃபா என்ற புரதத்தில் வந்து கூடுகின்றன. 1998இல் புரூஸ் ஸ்பீகல்மேனின் ஆய்வகத்தில் கண்டறியப்பட்ட இந்தப் புரதம், மைட்டோகாண்ட்ரியாக்களைக் கட்டுவதற்கான மரபணுக்களைச் செயல்பட வைக்கிறது. ஒரு நாள் ஓட்டம் தரும் சமிக்ஞை சில மணி நேரத்தில் எழுந்து ஓரிரு நாளில் அடங்கிவிடும். அது முற்றிலும் மறைவதற்குள் அடுத்த ஓட்டம் வந்தால்தான் புதிய புரதங்கள் மேன்மேலும் சேர்கின்றன. மாதம் ஒருமுறை மூச்சிரைக்க நெடுந்தொலைவு ஓடுவதைவிட வாரத்தில் சிலமுறை அளவாக ஓடுவது பயன் தருவதற்கான அடிப்படைக் காரணம் இதுவே.

எரிக்கும் திறன் கூடினால் ஆக்சிஜன் வந்து சேரும் வழியும் அகல வேண்டும். உழைக்கும் தசை, புதிய இரத்த நுண்குழாய்கள் முளைப்பதற்கான வளர்ச்சிக் காரணியைச் சுரக்கிறது. 1977இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எட்டு வாரங்கள் மிதிவண்டிக் கருவியில் பயிற்சி செய்தவர்களின் முன்தொடைத் தசையில் நுண்குழாய்களின் அடர்த்தி ஏறத்தாழ 20 விழுக்காடு உயர்ந்திருந்தது. ஒவ்வொரு நாரையும் கூடுதலான குழாய்கள் சூழ்ந்திருப்பதால் ஆக்சிஜன் கடக்க வேண்டிய தொலைவு குறைகிறது. கழிவுகளும் விரைவாக வெளியேறுகின்றன. எரிக்கும் திறனும் நுண்குழாய்களும் கூடியபின், அதே வேகத்தில் ஓடும்போது தசை கொழுப்பைக் கூடுதலாகவும் தன் சர்க்கரைச் சேமிப்பான கிளைக்கோஜனைச் சிக்கனமாகவும் செலவிடத் தொடங்குகிறது.

கிளைக்கோஜனைப் பற்றிச் சற்று நின்று பேசத் தோன்றுகிறது. எடைப்பொறி தரும் ஏமாற்றத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. 1966இல் ஸ்வீடனைச் சேர்ந்த யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோமும் எரிக் ஹுல்ட்மேனும் தங்களையே ஆய்வுப் பொருளாக்கிக்கொண்டார்கள். ஒரே மிதிவண்டிக் கருவியில் ஆளுக்கு ஒரு காலை மட்டும் களைத்துப்போகும்வரை உழைக்க வைத்துவிட்டு, மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டபடி இரு கால்களின் தசைகளையும் நாள்தோறும் சோதித்தார்கள். உழைத்த காலில் மட்டும் கிளைக்கோஜன் பழைய அளவை வெகுவாகத் தாண்டிச் சேர்ந்தது. ஓய்ந்திருந்த காலில் மாற்றம் மிகக் குறைவு. இரண்டு கால்களுக்கும் ஒரே இரத்தம், ஒரே உணவு என்பதால், சேமிப்பைக் கூட்டும் தூண்டல் உழைத்த தசைக்குள்ளிருந்தே வர வேண்டும் என்பது தெளிவாயிற்று. இப்படிச் சேரும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனுடனும் மூன்று கிராம் அளவுக்கு நீரும் தசையில் தங்குகிறது. பிளாஸ்மாவின் பெருக்கமும் இதனுடன் கூடுவதால், ஓடத் தொடங்கிய முதல் வாரங்களில் எடை இறங்காமல் நிற்பதும், சிலருக்குச் சற்று ஏறுவதும் இயல்பு. உடல் நன்றாகத் தேறிவரும் அந்த நேரத்தில்தான், எடைப்பொறியை நம்பிப் பலர் மனம் தளர்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

இனி, கால் பருக்குமா என்ற கேள்விக்கு வரலாம். தசை நார் தடிப்பதற்குக் குறைந்த எண்ணிக்கையில் மிகுந்த பளுவைத் தாங்கும் உழைப்பு ஏற்றது. நெடுந்தொலைவு ஓட்டத்தில் பளு மிதமானது. எண்ணிக்கைதான் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆகவே, முன்பு உழைப்பே இல்லாதிருந்த ஒருவருக்குத் தொடையும் கெண்டையும் தொடக்கத்தில் ஓரளவு திரண்டு உறுதிப்படலாமே தவிர, குறுந்தொலைவு ஓட்டக்காரர்களின் தொடையைப் போல் பெருப்பதில்லை. அவர்களுடைய தொடைகளை உருவாக்கியவை வெடிப்பான விரைவோட்டமும் எடைப் பயிற்சியும், கூடவே அவர்களின் பிறவி வாகும். கடினமான நெடுநேரப் பயிற்சி தசை வளர்ச்சியைத் தடுக்கவும் கூடும். 1980இல் ராபர்ட் ஹிக்சன் நடத்திய பத்து வார ஆய்வில், எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களின் வலிமை இறுதிவரை ஏறிக்கொண்டே போயிற்று. அதனுடன் கடுமையான ஓட்டமும் மிதிவண்டிப் பயிற்சியும் மேற்கொண்டவர்களின் வலிமையோ ஏழாவது வாரத்தை ஒட்டித் தேங்கி, கடைசி வாரங்களில் இறங்கியது. அளவாக ஓடுபவர்களுக்கு இந்த மோதல் பெரிதாக நேர்வதில்லை.

தொடைக் கொழுப்பு தொடையின் உழைப்பால் மட்டும் கரையும் என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை. தசை எரிக்கும் கொழுப்பு உடலெங்கிலுமிருந்து இரத்தத்தின் வழியாக வருகிறது. எந்த இடத்திலிருந்து முதலில் குறையும் என்பதைப் பாலினமும் மரபும் ஹார்மோன்களும் தீர்மானிக்கின்றன. 1971இல் டென்னிஸ் வீரர்களின் இரு கைகளையும் ஒப்பிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஆண்டுக்கணக்கில் மட்டையைச் சுழற்றிய கை மற்றக் கையைவிடப் பருத்திருந்தாலும், தோலுக்கடியில் இருந்த கொழுப்பின் தடிமன் இரண்டிலும் வேறுபடவில்லை. ஓட்டம் ஒரு கிலோமீட்டருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரியைச் செலவிடுகிறது. 60 கிலோ எடையுள்ளவர் ஐந்து கிலோமீட்டர் ஓடினால் 300 கிலோகலோரி. பசி கூடுவதாலும், மற்ற நேரங்களில் அசைவு குறைவதாலும் அதில் ஒரு பகுதி ஈடுகட்டப்பட்டுவிடுகிறது.

தசையைவிட மிக மெதுவாக மாறுவது, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண். குதிகாலுக்கு மேலுள்ள அக்கிலிஸ் நாண் சுருள்வில்லைப் போல் ஒவ்வொரு அடியிலும் நீண்டு, வாங்கிய ஆற்றலைத் திருப்பித் தருகிறது. 1987இல் மெக்நீல் அலெக்சாண்டரின் குழு செய்த மதிப்பீட்டின்படி, ஊன்றும்போது உடல் இழக்கும் இயக்க ஆற்றலில் 35 விழுக்காட்டை இந்த நாணும் 17 விழுக்காட்டை உள்ளங்கால் வளைவும் மீட்டுத் தருகின்றன. இத்தனை வேலை செய்யும் நாணின் மையப் பகுதி, வளர்பருவம் முடிந்தபின் ஏறத்தாழப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த, திசு உருவான காலத்தைக் காட்டிக்கொடுக்கும் கதிரியக்கக் கார்பனான கார்பன்-14 இன் அளவை நாணுக்குள் அளந்து, டென்மார்க் ஆய்வாளர்கள் 2013இல் இதை நிறுவினார்கள். பயிற்சியால் நாணின் விறைப்பு கூடுகிறது என்றாலும், அதற்கு மாதங்கள் பிடிக்கின்றன. இதயமும் தசையும் ஆறேழு வாரங்களில் தேறிவிட, நாணும் எலும்பும் பின்தங்கி நிற்கும் இந்த இடைவெளியில்தான், உற்சாகத்தில் தொலைவைத் திடீரெனக் கூட்டுபவர்கள் காயமடைகிறார்கள். ஓடிய மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ உச்சம் தொடும் தசைவலி வேறு வகை: இழுத்துப் பிடிக்கும்போதே நீட்டப்பட்ட நார்களில் ஏற்படும் நுண்சிதைவுகளும் அழற்சியுமே அதற்குக் காரணம். லாக்டிக் அமிலம்தான் காரணம் என்ற பழைய விளக்கம் தவறு. அது ஓட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. ஒருமுறை வலித்த தசை அடுத்த முறை அதே உழைப்புக்கு அவ்வளவாக வலிப்பதில்லை.

தசையில் இவையெல்லாம் மெல்ல நடந்துகொண்டிருக்க, மனத்திலுள்ள பிம்பம் எப்படி மாறுகிறது? கண்ணுக்குத் தெரியும் வடிவம் மாறினால் மனம் நிறைவடையும் என்பது பொதுவான ஊகம். ஆய்வுகள் வேறொன்றைச் சொல்கின்றன. பல உடற்பயிற்சித் திட்டங்களை ஒன்றுசேர்த்து 2009இல் வெளியான பகுப்பாய்வு, பயிற்சியால் உடல் பிம்பம் சிறிய அளவில், ஆனால் உறுதியாக மேம்படுவதைக் காட்டியது. 2013இல் வெளியான மற்றோர் ஆய்வில், ஒவ்வொன்றும் 40 நிமிடம் கொண்ட ஆறே ஆறு பயிற்சிகளுக்குப் பிறகு, எடையும் வடிவமும் மாறாமல் இருந்தபோதே பங்கேற்றவர்கள் தம் உடலைக் குறித்துக் கூடுதல் நிறைவு கொண்டார்கள். அதே நேரத்தை வாசிப்பில் கழித்தபோது அந்த மாற்றம் ஏற்படவில்லை.

இதற்கு ஏற்ற விளக்கத்தை ராபர்ட் சான்ஸ்ட்ரோமும் வில்லியம் மார்கனும் 1989இல் முன்வைத்தனர். 'என்னால் இதைச் செய்ய முடிகிறது' என்ற குறிப்பான நம்பிக்கை முதலில் பிறக்கிறது. அதிலிருந்து தன் உடல்திறன் பற்றிய பொதுவான மதிப்பும், அதன் வழியாகத் தன்மதிப்பும் வளர்கின்றன என்பது அவர்களின் கருத்து. நிற்காமல் பத்து நிமிடம் ஓட முடியாதிருந்தவர் ஒரு நாள் அரை மணி நேரம் ஓடி முடிக்கும்போது அவருடைய கால்கள் முன்போலவே தோற்றமளிக்கலாம். ஆனால் அவற்றை அவர் பார்க்கும் பார்வையில் ஒரு புதிய சான்று சேர்ந்துவிடுகிறது. ஓட்டமே இல்லாமலும் இந்தப் பார்வையைப் பழக்க முடியும் என்பது குறிப்பிடத்தக்கது. ஜெசிகா அலேவாவின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், தம் உடல்மீது அதிருப்தி கொண்ட பெண்கள் தம் உடலால் என்னென்ன செய்ய முடிகிறது என்பதைப் பற்றி மூன்று முறை எழுதியதாலேயே அதிருப்தி குறைந்தது.

இதே ஓட்டம் எதிர்த்திசையிலும் இழுத்துச் செல்லக்கூடும். தம் உடலைப் பிறர் கண்களால் ஓயாது அளந்துகொண்டிருக்கும் வழக்கம் வெட்கத்தையும் பதற்றத்தையும் வளர்த்து, உடலின் உள்ளுணர்வுகளைக் கவனிக்கவிடாமல் செய்கிறது என்று பார்பரா ஃபிரெட்ரிக்சனும் டோமி-ஆன் ராபர்ட்சும் 1997இல் விளக்கினர். தோற்றத்துக்காக மட்டும் ஓடுபவர்களிடம் உடல் அதிருப்தி பெரும்பாலும் கூடுதலாகவே காணப்படுகிறது; தாம் எதிர்பார்த்த வடிவம் வராதபோது அவர்கள் உணவைக் குறைத்து ஓட்டத்தைக் கூட்டுகிறார்கள். செலவாகும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாத நிலை நீடித்தால் உடல் ஹார்மோன் சுரப்பையும் எலும்பாக்கத்தையும் நோய் எதிர்ப்பையும் சுருக்கிக்கொள்கிறது. பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014இல் இதைத் தனியொரு நோய்த்தொகுதியாக வரையறுத்து, ஆண்களையும் இது தாக்கும் என்று அறிவித்தது. பெண்களுக்கு மாதவிடாய் தொடர்ந்து மூன்று மாதங்கள் வராமல் போவது, யாருக்காயினும் கணுக்காலுக்கு மேலுள்ள முன்னங்கால் எலும்பிலோ பாத எலும்புகளிலோ அடிக்கடி அழுத்த முறிவு (திரும்பத் திரும்ப விழும் சுமையால் உண்டாகும் மெல்லிய விரிசல்) ஏற்படுவது ஆகியவை மருத்துவரிடம் சென்றாக வேண்டிய அறிகுறிகள். போதிய உணவு மீண்டும் கிடைத்தால் ஹார்மோன் சுரப்பு சில மாதங்களில் சீராகத் தொடங்கும். இழந்த எலும்பு அடர்த்தி திரும்புவதற்கு ஆண்டுகள் ஆகலாம், சிலருக்கு அது முழுமையாகத் திரும்புவதும் இல்லை.