மழைக்குக்கூட ஒதுங்கக் கூடாத மரம்

கரீபியன் தீவுகளைச் சுற்றிவரும் ஒரு பாய்மரச் சுற்றுலாக் கப்பலில் நான் மருத்துவராக இருந்தபோது, மார்த்தினிக் தீவின் தென்கோடியில் சாந்த்-ஆன் ஊருக்கு எதிரே நங்கூரம் போட்டாலே எல்லாருக்கும் கொண்டாட்டம்தான். ரப்பர் படகில் கரைக்குப் போய், லே சலின் கடற்கரையில் பகல் முழுக்க ஒரு வேலையும் இல்லாமல் மணலில் கிடக்கலாம். மரங்கள் மணல் வரைக்கும் இறங்கி நிழல் தரும்.

ஒருநாள் மதியம் திடீரென்று மழை கொட்டியது. எங்கள் கப்பலில் வேலை பார்த்த தூத்துக்குடித் தம்பி ஒருவன், மேலே சட்டைகூட இல்லாமல் பக்கத்து மரத்தடிக்கு ஓடினான். பத்து நிமிஷம்தான். மழை ஓய்ந்ததும் திரும்பவும் கடலில் இறங்கிவிட்டான். சாயங்காலம் என் அறைக்கு வந்து, "சார், தோளெல்லாம் மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி எரியுது" என்றான். தண்ணீர் சொட்டி வழிந்த தடம் அப்படியே சிவந்திருந்தது. மறுநாள் காலையில் அது கொப்புளமாக எழும்பிவிட்டது.

"மரத்துல சிவப்பா பட்டை அடிச்சிருந்துச்சா தம்பி?"

"ஆமா சார். வெட்டப்போற மரம்னு நினைச்சேன்."

அது மான்சினீல் மரம். ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் இதன் பழத்தை 'சாவின் குட்டி ஆப்பிள்' என்பார்கள். இலை, பட்டை, காய் எல்லாவற்றிலும் தோலைப் பொசுக்கும் பால் இருக்கிறது. மழைநீர் அதைக் கரைத்துக்கொண்டு கீழே வரும். நம் பிச்சாவரத்துத் தில்லை மரமும் இதுவும் ஆமணக்குக் குடும்பம்தான். தில்லைப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்று அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். இதுவும் அப்படித்தான் என்று சொன்னதும் அவன் முகம் மாறிவிட்டது.

எச்சரிக்கைக்காக மரத்தில் பெயின்ட்டால் அடிக்கும் சிவப்புப் பட்டையை மட்டும் நம்பாதீர்கள். எல்லாத் தீவிலும், எல்லா மரத்திலும் அது இருக்காது.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை பழம்தான். சின்ன ஆப்பிள் மாதிரி, பச்சையாக, நல்ல வாசனையோடு மணலில் விழுந்து கிடக்கும். 1999இல் கரீபியன் தீவான டொபாகோவுக்கு விடுமுறைக்குப் போன ஒரு பிரிட்டிஷ் பெண் மருத்துவர் அதைக் கடித்துப் பார்த்திருக்கிறார். முதலில் இனிப்பு, அப்புறம் மிளகுக் காரம், பிறகு தொண்டை இறுகி, கெட்டியான உணவை விழுங்கவே சிரமப்படும் நிலை. மணிக்கணக்கில் அவதிப்பட்ட பிறகே தணிந்தது. மறு ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவரே இதை எழுதினார். படித்த மருத்துவருக்கே இந்த நிலை என்றால், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்!

பால் பட்டுவிட்டால் எரிச்சல் வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். நனைந்த துணியை மாற்றுங்கள். அந்தக் கையால் கண்ணைத் தொடவே கூடாது. பழத்தைக் கடித்துவிட்டால் துப்பி, வாயைக் கொப்பளித்து, மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுவிடச் சிரமமாக இருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்க வேண்டாம்.

இன்னொன்று, கரையில் மீன் சுடுவதற்கு அங்கே கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கி நெருப்பு மூட்டாதீர்கள். இந்த மரத்தின் புகையும் கண்ணைக் கெடுக்கும். பாலோ புகையோ கண்ணில் பட்டுவிட்டால் குறைந்தது 15 நிமிஷம் சுத்தமான தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்து, அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.