சுரங்கமே இல்லாத ஊரில் சுரங்கக் கணக்கு

தொடக்கக் கல்லூரியில் பொருளியல் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "ஆஸ்திரேலியா சுரங்கத்தை நம்பி வாழும் நாடு என்கிறார்கள். எவ்வளவு நம்புகிறது என்பதை எப்படி அளப்பது? சிங்கப்பூருக்கு அந்த எண் பூஜ்யம்தானே?"

பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான். நமது மொத்த உள்நாட்டு உற்பத்திக் கணக்கில் சுரங்கத்துக்குத் தனி வரிசைகூடக் கிடையாது. விவசாயம், மீன்பிடிப்பு, கல்லுடைப்பு எல்லாவற்றையும் ஒரே வரிசையில் அடக்கிவிடுகிறார்கள். ஒரு காலத்தில் நமக்கும் குவாரிகள் இருந்தன. 1851இல் எரியத் தொடங்கிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் புலாவ் உபின் தீவின் கருங்கல்லால் கட்டியது. உபினின் கடைசிக் குவாரி 1999இல் மூடப்பட்டது. புக்கிட் பாத்தோக் குவாரியில் இப்போது தண்ணீர் தேங்கி நிற்கிறது, கல்யாண ஜோடிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். அங்கே சுரங்கத் துறையின் பங்கு, நாட்டு உற்பத்தியில் சுமார் பத்தில் ஒரு பகுதி. சரக்கு ஏற்றுமதியில் பார்த்தால் பாதிக்கும் மேல். வேலை செய்பவர்களில் பார்த்தால் நூற்றுக்கு இரண்டு பேர்தான். ஒரே துறைக்கு மூன்று எண்கள்! அரசியல்வாதிகள் தங்களுக்கு வசதியானதை எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றும் சரிதான். ஆனால் மூன்றுமே "சுரங்கம் எவ்வளவு தருகிறது" என்று சொல்கின்றனவே தவிர, "சுரங்கம் நின்றால் வேறு எதெல்லாம் நிற்கும்" என்று சொல்வதில்லை.

அதற்கு ஒரு கருவி உண்டு. பொருளியலில் எனக்கு மிகவும் பிடித்த கருவியும் அதுதான். ஹார்வர்டில் பணியாற்றிய வாசிலி லியோன்டிஃப் உருவாக்கிய உள்ளீடு-வெளியீடு அட்டவணை. 1936இல் அதைப் பற்றிய முதல் கட்டுரை வந்தது, 1973இல் அதற்காகவே நோபெல் பரிசும் கிடைத்தது.

அட்டவணையின் ஒவ்வொரு நெடுவரிசையும் ஒரு துறையின் கொள்முதல் பட்டியல். சுரங்கத்தின் நெடுவரிசையைப் பார்த்தால், ஒரு வெள்ளிக்குத் தாது எடுக்க எத்தனை காசுக்கு டீசல், எத்தனை காசுக்கு மின்சாரம், எத்தனை காசுக்கு லாரி வாடகை என்று இருக்கும். கிடைவரிசையில் பார்த்தால் அந்தத் துறை யாருக்கெல்லாம் விற்கிறது என்பது தெரியும்.

இனிதான் வேடிக்கை. ஓர் எளிய கற்பனை நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கே எந்தத் துறையும் ஒரு வெள்ளிக்கு உற்பத்தி செய்ய, மற்ற உள்நாட்டுத் துறைகளிடம் 40 காசுக்குப் பொருள் வாங்குகிறது. வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு வெள்ளிக்குத் தாது கேட்கிறார். சுரங்கம் 40 காசுக்கு மின்சாரம், டீசல் எல்லாம் வாங்கும். அந்த 40 காசுச் சரக்கைத் தர மின்நிலையமும் மற்றவர்களும் 16 காசுக்கு வாங்க வேண்டும். அவர்களுக்கு விற்றவர்கள் 6.4 காசுக்கு. அப்புறம் 2.56. இந்தச் சங்கிலிக்கு முடிவே இல்லை, ஆனால் கூட்டுத்தொகைக்கு எல்லை உண்டு. பள்ளியில் படித்த பெருக்குத்தொடர்தான்: ஒன்றில் 0.4 போக மீதி 0.6, ஒன்றை அந்த 0.6ஆல் வகுத்தால் 1.67. ஒரு வெள்ளித் தாதுக்குப் பின்னால் ஒரு வெள்ளி 67 காசு உற்பத்தி நடந்திருக்கிறது.

நிஜ நாட்டில் ஒவ்வொரு துறைக்கும் ஒவ்வொரு விகிதம். சுரங்கம் மின்சாரம் வாங்கும், மின்நிலையம் நிலக்கரிக்காகச் சுரங்கத்திடமே திரும்பி வரும். இந்தச் சுற்றுகளை ஒவ்வொன்றாகத் துரத்தினால் ஆயுள் போதாது. லியோன்டிஃப் துரத்தவில்லை. அட்டவணையை அணியாக (எண்களின் கட்டமாக) எழுதி, எண்களில் ஒன்றுக்கு நிகரான அலகு அணியிலிருந்து கழித்து, நேர்மாறு கண்டார்; மேலே ஒன்றை 0.6ஆல் வகுத்தோமே, அதன் அணி வடிவம் இது. முடிவற்ற சுற்றுகள் அத்தனையும் ஒரே அடியில் கூட்டப்பட்டுவிடுகின்றன! 1949இல் அமெரிக்கப் பொருளாதாரத்தை 42 துறைகளாகச் சுருக்கி மார்க் 2 கணினியிடம் கொடுத்தார். விடை வர 56 மணி நேரம் ஆனது.

வாசகியின் கேள்விக்கான பதில் இங்கே கிடைக்கிறது. சுரங்கத்தின் கிடைவரிசையையும் நெடுவரிசையையும் அட்டவணையிலிருந்து நீக்கிவிட்டு, நேர்மாறை மறுபடி கணக்கிட்டு, உள்ளூர் மக்களும் வெளிநாட்டாரும் கடைசியாக வாங்கும் அளவுகளால் பெருக்கி, மொத்த உற்பத்தியைக் காணுங்கள். முன்பு வந்த மொத்த உற்பத்திக்கும் இப்போது வருவதற்கும் உள்ள வித்தியாசத்தில் சுரங்கத்தின் சொந்த உற்பத்தியைக் கழித்தால், மீதி மற்ற துறைகளுக்கு விழும் அடி.

இறக்குமதி அதிகமானால் சங்கிலி சீக்கிரம் அறுந்துவிடும். அந்த 40 காசில் 20 காசு வெளிநாட்டுக்குப் போனால் 1.67 என்பது 1.25 ஆகிவிடும். நம்மைப் போன்ற சிறிய நாடுகளின் கதை இதுதான். அட்சய திருதியை அன்று வாங்கினால் செல்வம் பெருகும் என்று லிட்டில் இந்தியாவின் தேக்கா நகைக்கடைகளில் வரிசை நிற்கிறதே, அந்தப் பணத்தில் பெரும்பகுதி இறக்குமதித் தங்கத்துக்கே போய்விடுகிறது. கணக்குப்படி உள்ளூரில் பெருக்கம் சொற்பம். விற்பனையாளருக்கு நல்ல நாள், மறுக்கவில்லை.

அட்டவணைக்குக் கண் தெரியாத இடங்களும் உண்டு. அது எல்லாவற்றையும் விலையால்தான் எடை போடுகிறது. 2007 ஜனவரியில் இந்தோனேசியா மணல் ஏற்றுமதிக்குத் தடை அறிவித்தது. கட்டடச் செலவில் மணலின் பங்கு சொற்பம். ஆனால் மணல் இல்லாமல் கான்கிரீட் இல்லை, கான்கிரீட் இல்லாமல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடும் இல்லை. கான்கிரீட் விலை எகிறியது. கட்டட, கட்டுமான ஆணையம் கையிருப்பு மணலை வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. மாற்று கிடைக்காத பொருள் மலிவாக இருந்தால் எந்தப் பங்குக் கணக்கிலும் அது தலைகாட்டாது.

போட்ஸ்வானாவில் சிக்கல் வேறு விதம். வைரச் சுரங்கம் உள்ளூரில் வாங்குவது குறைவு, எனவே அட்டவணைச் சங்கிலி சிறியது. ஆனால் அந்நியச் செலாவணியும் அரசின் வருவாயும் வைரத்தின் தயவில் இருக்கின்றன. ஆய்வகத்தில் செய்த வைரங்கள் சந்தையில் குவிந்து விலை சரிய, 2024இல் நாட்டின் பொருளாதாரமே சுருங்கியது. அரசு வைர வருவாயிலிருந்து தரும் ஆசிரியர் சம்பளம் போன்றவை வழியாக நாடு வைரத்தை நம்பியிருப்பதைக் கொள்முதல் பட்டியல் காட்டாது.

சிங்கப்பூருக்கும் பூஜ்யம் என்று சொல்லிவிட முடியாது. 1890 முதல் புலாவ் பிரானி தீவில் மலாயா வெள்ளீயத்தை உருக்கினோம், அது உற்பத்தித் துறைக் கணக்கில் போனது. இன்று பிஎச்பி, ரியோ டின்டோ என்ற பெரிய சுரங்க நிறுவனங்கள் இரண்டும் தாது விற்கும் அலுவலகங்களை இங்கே வைத்திருக்கின்றன. இரும்புத்தாதுவின் எதிர்கால விலைக்கான ஒப்பந்தங்கள் சிங்கப்பூர்ப் பங்குச்சந்தையில் கைமாறுகின்றன. இவை மொத்த விற்பனை வர்த்தகம், நிதிச் சேவை என்ற வரிசைகளில் ஒளிந்திருக்கின்றன.

இந்த அட்டவணைகளைத் தயாரிக்க நிறுவனம் நிறுவனமாகக் கேட்டு எண்களைச் சேர்க்க வேண்டும், வெளிவரச் சில ஆண்டுகள் பிடிக்கும். செயற்கை நுண்ணறிவுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு கரண்டியை இந்தப் பக்கம் ஊற்றலாம் என்பது என் கட்சி. வாசகிக்கு ஒரு வேலை: நம் புள்ளிவிவரத் துறையின் தளத்தில் சிங்கப்பூரின் உள்ளீடு-வெளியீடு அட்டவணை இலவசமாகக் கிடைக்கிறது. இறக்கிக்கொள்ளுங்கள். நேர்மாறு காண எக்செல்லில் எம்இன்வர்ஸ் (MINVERSE) என்று ஒரு சார்பு (function) உண்டு. மொத்த விற்பனை வர்த்தகத் துறையை நீக்கிப் பார்த்துவிட்டு என்ன வந்தது என்று எழுதுங்கள்.