தொட்டி மாற்றிய அன்றே அடீனியத்துக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

நேற்றுக் காலை நர்சரியைத் திறக்கும்போதே ஓர் அம்மா வாசலில் நின்றிருந்தார். கையில் பழைய துண்டில் சுற்றிய ஓர் அடீனியம். ஒன்பது வருடமாக வளர்த்த செடியாம். மூன்று வாரத்துக்கு முன் பெரிய தொட்டிக்கு மாற்றியிருக்கிறார். அன்று மாலையே, அடித்துளையில் வழியும்வரை தண்ணீர் ஊற்றியிருக்கிறார். பத்து நாளில் இலைகள் மஞ்சளாகிவிட்டன. "வாடுதேன்னு இன்னும் கொஞ்சம் ஊத்தினேன் தம்பி" என்றார். துண்டைப் பிரித்து அடிப்பகுதியை அழுத்தினேன். கட்டைவிரல் உள்ளே இறங்கிவிட்டது.

இந்த மாதத்தில் இப்படி வந்த ஆறாவது செடி இது. ஆறும் ஒரே கதை. செடியைக் கண்டுகொள்ளாமல் விட்டவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் தினமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள். பாசத்தால் செடி போகிறதே என்றுதான் எனக்கு மனசு ஆறவில்லை. அதனால் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே எழுதிவிடுகிறேன்.

ஒரு செடியை இடம் மாற்றி நட்டால் உடனே தண்ணீர் விட வேண்டும் என்பது நம் கையில் ஊறிய பழக்கம். கத்தரி நாற்றுக்கு அது சரி. மல்லிகைக்குச் சரி. ரோஜாவுக்கும் சரி. அடீனியத்தைப் 'பாலைவன ரோஜா' என்று கூப்பிடுகிறோமே தவிர, அதற்கும் ரோஜாவுக்கும் எந்த உறவும் இல்லை. அது அரளிக் குடும்பத்துச் செடி. மற்ற செடிகளுக்கு உடனே தண்ணீர் வேண்டும், ஏனென்றால் அவற்றிடம் சேமிப்பு இல்லை. ஒரு மதியம் வேர் தண்ணீர் இழுக்காவிட்டால் துவண்டுவிடும். அடீனியமோ தன் சாப்பாட்டு மூட்டையைக் கூடவே வைத்திருக்கிறது. அடியில் பருத்திருக்கும் காடெக்ஸ் முழுக்கத் தண்ணீர்தான். (அது உண்மையில் கிழங்கு இல்லை, தண்டின் அடியும் வேரும் சேர்ந்து பருத்த பகுதி. ஆனாலும் எல்லோரும் கிழங்கு என்றே சொல்வதால் நானும் அப்படியே சொல்கிறேன்.) வேரே இல்லாமல் இரண்டு வாரம் நிழலில் கிடந்தாலும் நல்ல கிழங்குக்கு ஒன்றும் ஆகாது. ஆக, தொட்டி மாற்றிய அன்று அதற்குத் தாகமே கிடையாது.

அன்று அதற்கு இருப்பது காயம். எவ்வளவு பக்குவமாக எடுத்தாலும் பழைய மண்ணை உதறும்போது வேர் அறுபடும். நீங்கள் கத்தரித்த வேர்கள் வேறு. அந்த வேர்கள் சதைப்பிடிப்பானவை. ஓர் உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைக் காற்றோட்டமான இடத்திலும் இன்னொரு பாதியை ஈர மண்ணுக்குள்ளும் வைத்துப் பாருங்கள். காற்றில் இருப்பதன் முகம் காய்ந்து தோல் கட்டும். ஈரத்தில் இருப்பது கொழகொழவென்று போகும். அடீனியத்தின் வேர்க்காயமும் அப்படித்தான். தோல் கட்டுவதற்கு முன் ஈரம் பட்டால் பூஞ்சை அந்த வழியாகவே உள்ளே போகும், மெதுவாகக் கிழங்குக்கு ஏறும். மேலே இலை மஞ்சளாவது உங்கள் கண்ணில் படும்போது கீழே பாதி வேலை முடிந்திருக்கும். அந்த மஞ்சளைத் தாகம் என்று நினைத்து மறுபடி ஊற்றுகிறீர்கள்.

வேரைக் கழுவி வெட்டியிருந்தால், வெட்டிய இடத்தில் பூஞ்சைக்கொல்லித் தூளோ கந்தகத் தூளோ தடவி, செடியைக் காற்றோட்டமான நிழலில் மூன்று நாளிலிருந்து ஒரு வாரம்வரை அப்படியே போட்டுவையுங்கள். விரல் கனமுள்ள வேரை வெட்டியிருந்தால் ஒரு வாரத்துக்குக் குறையவே கூடாது. அப்புறம் உலர்ந்த கலவையில் நடுங்கள். நட்ட பிறகு இன்னொரு வாரம் தண்ணீர் வேண்டாம். மண் கட்டியை உடைக்காமல் அப்படியே தூக்கிப் பெரிய தொட்டியில் இறக்கியிருந்தால் மட்டும் மூன்று நான்கு நாள் காத்திருந்தால் போதும். இந்த இடைவெளியில் ஒரு சில இலை மஞ்சளாகி விழும், கிழங்கு லேசாக இளகும். விழட்டும், இளகட்டும்.

"வீடியோவில் நட்டவுடனே ஊற்றுகிறார்களே" என்று கேட்பவர்கள் உண்டு. ஊற்றுகிறார்கள்தான். அவர்கள் கலவையில் பாதிக்குமேல் கல்லும் ஜல்லியுமாக இருக்கும், ஊற்றிய தண்ணீர் அந்த நிமிடமே கீழே ஓடிவிடும். வெயிலும் காய்ச்சலாக இருக்கும். பெரும்பாலும் வேரையும் தொட்டிருக்க மாட்டார்கள். இவை எல்லாம் சரியாக இருந்து, கை பழகியவர் ஊற்றினால் பிழைத்துவிடும். உங்கள் தொட்டியில் தோட்டமண்ணும் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) இருக்கும்போது அந்தத் துணிச்சல் வேண்டாமே.

அடுத்த கேள்வி எப்போதும் இது: "கிழங்கு மெத்தென்று இருக்கிறது, தண்ணீர் ஊற்றவா, நிறுத்தவா?" கிழங்கைத் தொடுவதற்கு முன் மண்ணைத் தொடுங்கள். ஒரு குச்சியை ஆழமாகச் செருகி எடுங்கள். மண் அடிவரை உலர்ந்து, கிழங்கு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இளகி, தோல் சுருங்கியிருந்தால் அது தாகம். வேர் பிடித்த செடிக்கு நன்றாகத் தண்ணீர் விட்டால் சில நாளில் மறுபடி இறுகிவிடும். மண் ஈரமாக இருந்தும் கிழங்கு மெத்தென்று இருந்தால், அதுவும் ஒரே ஓர் இடத்தில் மட்டும் அமுங்கினால், நிறம் கருத்திருந்தால், நீர் கசிந்தால், கெட்ட வாடை வந்தால், அது அழுகல். சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் அன்றைக்கே செடியை வெளியே எடுத்தாக வேண்டும். நாளை ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பாலைவனச் செடிதானே என்று கோடை முழுக்கக் காயப்போடுகிறவர்கள். இது ஆப்பிரிக்காவின் சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே தொடங்கி கிழக்கு ஆப்பிரிக்கா, அரேபியத் தீபகற்பம் வரை பாறைச் சரிவுகளில் வளர்வது. அங்கேயும் மழைப் பருவம் உண்டு. அப்போது தண்ணீர் குடித்துத்தான் இலை விட்டுப் பருக்கிறது. பாறைச் சரிவில் தண்ணீர் தேங்காது, அவ்வளவுதான் வித்தியாசம். வெயில் காலத்தில், வளர்ந்துகொண்டிருக்கும் செடிக்குக் கலவை காய்ந்தவுடன் நிறையவே தண்ணீர் விடுங்கள். குளிர் தொடங்கி இலை உதிர்த்து உறங்கும்போதுதான் கையைக் கட்டிப்போட வேண்டும்.

கலவையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பருமணல், உடைத்த செங்கல் துண்டு, பெர்லைட் அல்லது பியூமிஸ் கல் (இரண்டும் எடை குறைந்த, துளைகள் உள்ள எரிமலைக் கல் வகை), கொஞ்சம் கரித்துண்டு, மக்கிய உரம் கால் பங்குக்கு மேல் போகாமல். மணல் என்றால் சலித்தெடுத்த நைசான மணல் இல்லை, அது சிமென்ட் மாதிரி இறுகிவிடும். கடல் மணல் கூடவே கூடாது. கையில் பிடித்து நனைத்துப் பிசைந்தால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். தொட்டி அகலமாக, ஆழம் குறைவாக, மண் தொட்டியாக இருந்தால் நல்லது. பழையதைவிட இரண்டு மூன்று விரல் அகலம் கூடினால் போதும். "அடிக்கடி மாற்ற முடியாது, பெரிதாகவே வைத்துவிடுகிறேன்" என்று அண்டாவில் வைக்கிறார்கள். வேர் எட்டாத இடத்து ஈரத்தை யார் குடிப்பது?

அப்புறம் அடியில் ஜல்லி பரப்பும் பழக்கம். தொட்டியின் அடியில் ஒரு சாண் ஜல்லியைப் போட்டு மேலே களிமண்ணை நிரப்பினால் தண்ணீர் வடியாது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காமல், மண்ணின் அடியிலேயே தேங்கி நிற்கும். ஜல்லிக்கு மேலே, அதாவது வேர் இருக்கும் இடத்திலேயே ஈரம் நிற்கும் என்று அர்த்தம். அந்த ஜல்லியை உடைத்துக் கலவை முழுக்கக் கலந்துவிடுங்கள். துளையில் ஒரு வலைத்துண்டு போதும்.

மாற்றும் காலம், குளிர் விலகி வெயில் ஏறி, புதுத் துளிர் தெரியத் தொடங்கும் நேரம். மழையிலும் குளிரிலும் தொடாதீர்கள், காயம் ஆறாது. இளஞ்செடியை வருடத்துக்கு ஒருமுறையும் வளர்ந்ததை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையும் மாற்றினால் போதும். ஒவ்வொரு முறையும் கிழங்கை ஓரிரு விரல் உயர்த்தி நட்டால் அழகாக இருக்கும். ஆனால் இதுவரை மண்ணுக்குள் இருந்த தோல் வெயில் பார்த்ததில்லை. நட்ட மறுநாளே மொட்டை வெயிலில் வைத்தால் அது வெந்து, வெந்த இடத்தில் அழுகல் பிடிக்கும். இரண்டு வாரம் நிழலில் வைத்து, பிறகு காலை வெயில், பிறகு முழு வெயில் என்று போங்கள்.

இனி ஒரு விஷயம், தயவுசெய்து இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். ஏமன் நாட்டில் இந்தச் செடியைப் பார்த்த ஃபோர்ஸ்கால் என்ற தாவரவியலாளர் இதை அரளியின் பேரினத்திலேயே சேர்த்திருந்தார். அவருடைய குறிப்புகள் 1775இல் நூலாக வந்தன. 1819இல்தான் அடீனியம் என்ற தனிப் பேரினம் ஆனது. பெயர் பிரிந்ததே தவிர விஷம் பிரியவில்லை. அரளியில் இருப்பது போலவே இதயத் துடிப்பைக் குலைக்கும் நச்சு இதன் பாலில் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் வேட்டைக்காரர்கள் அம்பு முனையில் தடவிய நஞ்சுகளில் இதுவும் ஒன்று. அப்படிப்பட்ட செடியைச் சமையலறைக் கத்தியால் வெட்டி, அதைக் கழுவி மறுபடி அடுப்பங்கரையில் வைத்த ஒருவரை எனக்குத் தெரியும். வேண்டாம். இதற்கென்று தனிக் கத்தி, கையுறை, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுதல். பால் கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். வெட்டிய கிளைகளைத் தவழும் குழந்தைக்கும் நாய் பூனைக்கும் ஆடு மாட்டுக்கும் எட்டாத இடத்தில் அப்புறப்படுத்துங்கள். யாராவது மென்றுவிட்டால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள், செடியின் பெயரையும் சொல்லுங்கள்.

பூக்கவில்லை என்ற புகாருக்கு என் பதில் எப்போதும் வெயில்தான். தினம் ஆறு மணி நேர நேர்வெயில் இல்லாமல் உரத்தைக் கொட்டினால் இலைதான் வரும். பூ கிளை நுனியில் வருவதால் கவாத்து செய்தால் கிளை கூடும், பூவும் கூடும். தொட்டி மாற்றிய அன்றே கவாத்தும் உரமும் சேர்த்துச் செய்யாதீர்கள், புதுத் துளிர் வந்த பிறகு செய்யலாம். ஒட்டுச்செடியாக இருந்தால் ஒட்டுக்குக் கீழே முளைக்கும் கிளையைக் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் வாங்கிய பூவின் நிறம் மெல்லக் காணாமல் போகும். மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளிப்பதாக இருந்தால் மாலையில் தெளியுங்கள்.

சரி, அந்த அம்மாவின் செடி. அழுகிய பகுதியைக் கீழிருந்து சீவிக்கொண்டே போனேன். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாமே நோயை மேலே ஏற்றிவிடுவோம். பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாத வெள்ளைச் சதை வரும்வரை சீவினேன். கிழங்கில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியது. பூஞ்சைக்கொல்லி தடவி, இலைகளை எல்லாம் எடுத்துவிட்டு, கொட்டகையில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். வெட்டுமுகம் இன்று காலை காயத் தொடங்கியிருந்தது. இரண்டு வாரம் கழித்துக் காய்ந்த பருமணலில் வைத்துக் கொடுப்பேன். புதுவேர் வரலாம், வராமலும் போகலாம், அதை அவரிடம் மறைக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனதும் தண்ணீர் ஊற்றாமல் இருக்க, நட்ட தேதியையும் முதல் தண்ணீர் விட வேண்டிய தேதியையும் ஒரு ஐஸ் குச்சியில் எழுதித் தொட்டியிலேயே செருகித் தரச் சொன்னார். இனி என் நர்சரியிலிருந்து போகும் ஒவ்வோர் அடீனியத்திலும் அந்தக் குச்சி இருக்கும்.